கவுன் ஓரத்து ஈரம்

எந்த ஆப்பில் போட்டாலும் கவுனின் ஓரம் மட்டும் நனைந்தே வந்தது.

தமிழரசு முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தான். அசல் படத்தில் அந்த ஓரம் காய்ந்துதான் இருக்கிறது. ஏரிக்கரையில் நின்று சிரிக்கும் சுவேதா, தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் எடுத்தது. மஞ்சள் கவுன், அடியில் வெள்ளை லேஸ், காற்றுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னணியை நீக்கு என்று ஆப்பிடம் சொன்னால் ஏரி போகிறது, கரை போகிறது, வானம் போகிறது. பிள்ளை மட்டும் வெள்ளைத் திரையில் தனியாக நிற்கிறாள். அதெல்லாம் சரி. லேஸ் மட்டும் கருத்து, கனத்து, காலோடு ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான், இலவச ஆப் வேறு எப்படி இருக்கும் என்று அதை அழித்துவிட்டு இரண்டாவதை இறக்கினான். அதிலும் அதே ஈரம்.

ஐப்பசி மழை மத்தியானமே விட்டிருந்தது. ஆனாலும் கள்ளிக்குப்பத்து அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, மேல் வீட்டு ஏசியிலிருந்து தகரத்தின் மேல் சொட்டு விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. நாளை சுவேதாவின் முதல் வருஷத் திதி. ஒரு வருஷமாக ஹால் சுவரில் ஒரு ஆணி வெறுமனே இருந்தது. அவன் மனைவி கவிப்பிரியா அதில் காலண்டரைக்கூட மாட்ட விடவில்லை. இந்த வாரம்தான் மனசைத் தேற்றிக்கொண்டு, பாப்பா படத்தை மாட்டிடலாம் என்றாள். கூடவே இரண்டு நிபந்தனை போட்டாள்.

"தண்ணி தெரியக் கூடாதுங்க. மஞ்சளும் வேணாம், அந்தக் கலரப் பாத்தாலே எனக்கு மூச்சடைக்குது. ஊதாவா மாத்திடுங்க. அவ கேட்டது ஊதாதானே, நான்தான் மஞ்சள வாங்கிட்டு வந்துட்டேன்."

"வேற போட்டோ எதாச்சும் எடுத்துக்கலாமே கவி."

"அந்தச் சிரிப்பு வேற எதுல இருக்கு?"

எதிலும் இல்லைதான். விழுந்த முன்பல் மறுபடி முளைத்துப் பாதி எட்டிப் பார்த்த பிறகு, சுவேதா வாய் திறந்து சிரித்த ஒரே படம் அது. அந்தப் பல் முழுசாக வளர அவளுக்கு நாள் கிடைக்கவில்லை. ஏழு வயது.

ஃபிரேம் போட்டுக் கொடுக்கிற செல்வகுமார் அம்பத்தூரிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான்.

"இன்னா அண்ணாத்தே, இன்னும் போனையே நோண்டிகினு கீறியா? அந்த ஆப்புங்க முடி ஓரம்லாம் கடிச்சி வெச்சிடும். நம்ம கைல குடுத்தா பத்து நிமிசத்துல முடிச்சிக் குடுத்துருவேன்ல?"

"இல்லப்பா, நானே பண்றேன்."

"சரி, கம்ப்யூட்டர்ல போடுற சாப்ட்வேர் ஒண்ணு பேர் அனுப்புறேன், அத்த ட்ரை பண்ணு. ஆறு மணிக்குள்ள அனுப்பிடு, நான் கடைய சாத்துறதுக்குள்ள."

அந்தப் படத்தின் மேல் வேறு ஒருவன் விரல் படக் கூடாது என்று தமிழரசு தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். முழுக் காரணம் அது இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

லேப்டாப்பைத் திறந்து செல்வகுமார் சொன்ன சாப்ட்வேரைப் போட்டான். பின்னணி பிறகு ஆகட்டும், முதலில் நிறத்தைப் பார்ப்போம் என்று அசல் படத்தையே திறந்து கவுனைத் தொட்டான். கவுனைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடியது. இடுப்பு நாடா, கைச் சுருக்கம், எதையும் விடாமல் நேர்த்தியாக ஓடி முடிந்தது. அதே நேரத்தில் படத்தின் இடது மூலையிலும் ஒரு புள்ளிக்கோடு ஓடி முடிந்தது. கீழே, 'தேர்வான பொருள்கள்: 2' என்று வந்தது.

இடது மூலையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிற தண்ணீர்தான் இருந்தது. பெரிதாக்கினான். பச்சைக்கு நடுவே நகக்கண் அளவு மஞ்சள். இன்னும் பெரிதாக்கினான். கொஞ்சம் உப்பி, கொஞ்சம் அமிழ்ந்து, ஒரு துணி.

மறுநாள் காலையில் தீயணைப்புக்காரர்கள் அவளைத் தூக்கியது அந்த மூலையிலிருந்துதான். ஆனால் இந்தப் படத்தில் அவள் கரையில் நிற்கிறாள். சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

தமிழரசு லேப்டாப்பை மூடிவிட்டான். உள்ளே, படுக்கையறையில், கவிப்பிரியா நாளைக்கு வேண்டிய பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யக்கூடிய ஒரு ஆப் உண்டு. அது அவனுக்குத் தெரியும். போன வருஷம் அவன் போனில் இருந்தது. மயானத்திலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரியே அதை அழித்திருந்தான்.

ஊரில் எல்லோருக்கும் அவன் சொன்ன கதை ஒன்றுதான். "செருப்ப எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்." போலீசுக்கும் அதுதான், தர்மபுரியிலிருந்து வந்த மாமனாருக்கும் அதுதான். கவிப்பிரியா அதை நம்பினாள். நம்பியதோடு நில்லாமல், "நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று அவன் தலையைத் தன் மடியில் வைத்துத் தேற்றவும் செய்தாள். அந்தத் தேறுதல்தான் ஒரு வருஷமாக அவனை உள்ளுக்குள் அரித்துத் தின்றது.

அன்று அவன் செருப்பை எடுக்கத் திரும்பவே இல்லை. படத்தை எடுத்ததும் சுவேதா ஓடிவந்து, "அப்பா, என் கவுன ஊதா ஆக்கு" என்றாள். கரைக்கல்லில் உட்கார்ந்து அந்த ஆப்பில் ஆக்கத் தொடங்கினான். அவள் மூன்று தடவை கேட்டாள். "அப்பா, ஆச்சா?" பக்கத்தில் நின்று கேட்டாள். "அப்பா, ஆச்சா?" கொஞ்சம் தள்ளிப்போய்க் கேட்டாள். மூன்றாவது தடவை குரல் கீழேயிருந்து, தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது. மூன்று தடவையும் அவன் தலையைத் தூக்காமலே, "இரு பாப்பா, ஒரு நிமிஷம்" என்றான்.

மணி ஐந்தே கால். தமிழரசு அந்த ஆப்பை மறுபடி இறக்கினான். பழைய கணக்கில் நுழைந்ததும் அது வரவேற்பு எதுவும் சொல்லவில்லை. நேராகக் கேட்டது. 'முடிக்காத படம் ஒன்று உள்ளது. தொடரவா?'

திறந்தான். சுவேதா நின்றாள். தோளிலிருந்து இடுப்புவரை ஊதா, இடுப்புக்குக் கீழே மஞ்சள். அவன் விரல் நின்றுபோன இடத்தில் நிறமும் நின்றிருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'கடைசித் திருத்தம் 5.42' என்று போட்டிருந்தது. அன்று அவன் கடைசியில் தலையைத் தூக்கி, ஆளைக் காணோம் என்று பார்த்த நிமிஷம்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே விரலை வைத்து மீதியைத் தேய்த்தான். மடிப்பு மடிப்பாக மஞ்சள் மறைந்து ஊதா இறங்கியது. லேஸ்வரை வந்ததும் கவனித்தான். லேஸ் காய்ந்திருந்தது. வெள்ளையாக, லேசாக, காற்றுக்குத் தூக்கிக்கொண்டு. மூலையில் இருந்த மஞ்சள் துணியும் இல்லை. ஆகாயத்தாமரை மட்டும் இருந்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"என்னங்க."

கவிப்பிரியா படுக்கையறை வாசலில் நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். ஆஸ்பத்திரியில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. பீரோவின் அடித்தட்டில் ஒரு வருஷமாக அவிழ்க்காமல் வைத்திருந்தது. முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது.

"இதுல மஞ்சள் கவுன்தானே இருந்துச்சு?"

கவருக்குள் ஊதா தெரிந்தது.

தமிழரசு கவரைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி கவரைப் பார்த்தான். நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? அவனுக்கு ஆசைதான் வந்தது. இங்கே மாற்றினால் அங்கே மாறுகிறது. கவுன் மாறுமானால் பின்னணி ஏன் மாறாது? ஏரியை எடுத்துவிட்டால்?

ஆணிக்குக் கீழே, சுவரோடு முதுகை ஒட்டி நின்று, காலியான ஹாலைப் படம் எடுத்தான். சோபா, மடித்து வைத்த பாய், அப்பால் படுக்கையறை வாசல். கவிப்பிரியா ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோபாவில் வந்து உட்கார்ந்து ஏரியை நீக்கினான். அந்த இடத்தில் ஹாலை வைத்தான். சுவேதாவைச் சோபாவுக்கு முன்னால் நகர்த்தினான். 'பின்னணியைச் சேமிக்கவா?'

மணி 5.39. அழுத்தினான்.

வெளியே தகரத்தில் விழுந்துகொண்டிருந்த சொட்டு நின்றது. எங்கோ கத்திக்கொண்டிருந்த காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும் நின்றது. ஹாலில் வாசனை மாறியது. பாசி. மக்கிய தழை. சேறு காய்கிற நாற்றம்.

சொட்டு.

இது தகரத்தில் இல்லை. தரையில். டைல்ஸின் மேல். அவன் காலுக்கு எதிரே.

சொட்டு.

பாதத்தில் ஈரம் பட்டது. ஜில்லென்று. விரல் இடுக்குகளுக்குள் ஏறியது.

"அப்பா, ஆச்சா?"

பக்கத்தில்தான். மிகப் பக்கத்தில். ஒரு வருஷமாக அவன் கனவில்கூட வராத குரல், அதே அவசரத்தோடு, பாதிப் பல்லில் 'ச்' சறுக்குகிற அதே சறுக்கலோடு.

தலையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். தூக்கினால் தெரிந்துவிடும். சிரிக்கிற முகமா, மறுநாள் காலையில் வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார்களே அந்த முகமா. கழுத்து அசையவில்லை. கண் போனிலேயே நின்றது. வாய் மட்டும், யாரையும் கேட்காமல், பழகிய தடத்தில் தானாக அசைந்தது.

"இரு பாப்பா, ஒரு நிமிஷம்."

சொன்ன பிறகுதான் சொன்னதே அவன் காதில் விழுந்தது.

வாசல் பக்கம் வளையல் அசைந்தது. கவர் கசங்குகிற சத்தம் கேட்டது. அதில் எதுவும் இல்லாதபோது கேட்கும் சத்தம்.

"அன்னைக்கும்," என்றாள் கவிப்பிரியா. குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்களா?"

ஒரு வருஷப் பொய் அந்த ஒரு கேள்வியில் முடிந்துபோனது.

"அப்பா, ஆச்சா?"

கொஞ்சம் தள்ளி.

மணி 5.41.

"அவளப் பாருங்க," என்றாள் கவிப்பிரியா. கெஞ்சினாள். "நிமிந்து பாருங்களேன். உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறா."

தமிழரசு போனைப் பார்த்தான். அவன் எடுத்த காலி ஹால் அதில் காலியாக இல்லை. ஆணி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிறபடியே எல்லாம் தெரிந்தது. வாசலில் காலிக் கவரோடு ஒருத்தி, வாயைப் பொத்திக்கொண்டு. சோபாவில் தலை குனிந்த ஒருவன். இருவருக்கும் நடுவே, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊதா கவுன். லேஸ் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. காலைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் பரவி, சோபாவின் அடிவரை வந்து, வாசலை நோக்கியும் போய்க்கொண்டிருந்தது. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவனைப் பார்த்தபடி, பொறுமையாக, பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி. தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது.

மூன்றாவது தடவை இன்னும் கேட்கவில்லை.

படத்தில் இருந்தவன் தலையைத் தூக்கவில்லை.