சின்னவனுக்கு எந்த எம்.பி.ஏ.?

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, டீயில சர்க்கரை பத்தலன்னு."

அத்தை, தன் மூத்த மகனைப் பார்த்துத்தான் சொன்னாள். மருமகளோ பக்கத்திலேயே நின்றிருந்தாள். கணவன் ரொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவள் சர்க்கரை டப்பாவை எடுத்து வைத்தாள்.

சில நாட்களாக இப்படித்தான். அவர்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. விற்பனையைக் கவனிக்கும் கொழுந்தன், இரண்டு வருட முழுநேர எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பித்திருந்தான். அவன் நண்பர்கள் எல்லோரும் அதில்தான் சேர்கிறார்களாம். அவள் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள்.

"வேலையை விட்டுட்டுப் படிக்கிறது வேற தொழிலுக்கு மாறுறவங்களுக்கு, தம்பி. கணக்கு, நிதின்னு ஒண்ணுலயே ஆழமாப் போகணும்னா அதுக்குத் தனி எம்.எஸ். இருக்கு. நீங்க நம்ம கடையைத்தானே பெருசாக்கணும்னு சொல்றீங்க? வாரக் கடைசியில நடக்கிற எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. போதுமே."

அவ்வளவுதான். அத்தை பிடித்துக்கொண்டாள். "தனக்குக் கிடைக்காதது இவனுக்கும் கிடைக்கக் கூடாதுன்னு நினைக்கிறா..."

மருமகளுக்கும் ஒரு காலத்தில் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டிய சமயத்தில் மாமனார் படுக்கையில் விழுந்தார். கடையில் கண் பரிசோதிக்க ஆள் வேண்டும். அதற்குப் படித்தவள் அவள் ஒருத்திதான். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை.

இன்று கொழுந்தனுக்கு நேர்காணல். அவன் கிளம்பிப் போன பதற்றத்தில் அத்தை தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மதியம் கடைக்கு வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "உடைஞ்சு போச்சு."

"உட்காருங்க அத்தை."

லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும் சோதனை ஃப்ரேமை மாட்டிவிட்டாள். அத்தை ஆந்தைபோல் விழித்தாள்.

"அடுத்த வீட்டுக்காரி போட்டிருக்காளே, அதையே போடு. அதுல எல்லாம் பளிச்சுன்னு தெரியுதாம்."

அது இந்தக் கடையில் செய்ததுதான்; அந்தப் பவர் அவளுக்குத் தெரியும். வாதாடாமல் செருகினாள்.

"ஐயோ, தலை சுத்துது. என்ன கண்ணாடி இது?"

"நல்ல கண்ணாடிதான் அத்தை. உங்க கண்ணுக்கு ஆகாது."

கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினாள். "இது தெளிவா?" மாற்றினாள். "இல்ல, இதுவா?"

அத்தையோ பலகையில் இருந்த எழுத்துகளை விட்டுவிட்டு மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. கொழுந்தன், டையைத் தளர்த்தியபடி.

"என்னடா ஆச்சு?"

"கடையை விட்டுட்டு வேற வேலைக்குப் போவியான்னு கேட்டாங்கம்மா. மாட்டேன்னேன். அப்ப இங்க எதுக்கு வந்தேங்கிறாங்க. இத்தனை வருஷ அனுபவம் இருக்கு, வாரக் கடைசி வகுப்புல சேரு, அங்க படிச்சதை மறுநாளே கடையில செஞ்சு பார்க்கலாம்னாங்க." அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணி சொன்னதையே, டை கட்டிக்கிட்டுச் சொன்னாங்க. அதுக்கு நான் இஸ்திரி போட்ட சட்டையில போயி வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு லென்ஸ் ஒன்றைத் துடைத்தாள்.

அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உனக்கு எதும்மா?"

"என்னது அத்தை?"

"இத்தனை படிப்பு இருக்குங்கிறியே... உனக்கு எது சரியா வரும்?"

யோசிக்கவே தேவையிருக்கவில்லை. "சாயங்கால வகுப்பு. பகல்ல கடையில கண் பார்க்கலாம்." குரல் தாழ்ந்தது. "ஆனா ராத்திரிச் சமையல்..."

"நான் என்ன, அடுப்பு பத்த வைக்கத் தெரியாமலா இவனுங்களை வளர்த்தேன்? சேரு."

"அத்தை..."

"முன்னாடியே சொல்லியிருக்கணும். வாய் வரல எனக்கு."

கொழுந்தன் மெல்லக் கல்லாப் பக்கம் நகர்ந்துவிட்டான். அவள் பலகையைக் காட்டினாள். "கடைசி வரியைப் படிங்க."

"ஒண்ணும் தெரியலயே. எல்லாம் கலங்குது. பவர் தப்பா போட்டுட்டியா?"

அவள் குனிந்து அந்தக் கனமான ஃப்ரேமைக் கழற்றினாள். தன் முந்தானை நுனியால் அத்தையின் கண்களைத் துடைத்து, ஃப்ரேமை மறுபடி மாட்டிவிட்டாள்.

"பவர் சரிதான் அத்தை. இப்பப் படிங்க."