நிருஷனின் ரொக்கெற் லொறி

"ஊஊஊ… ஊஊஊஊ…"

நிருஷன் மறுபடியும் ஊளையிட்டான். அவனுடைய அக்கா ஆரபிக்குப் பொறுமை போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? காலையிலிருந்து இதே கூத்து!

சாப்பாட்டு மேசை முழுவதும் போர்க்களம். கனடாவிலிருந்து மாமா அனுப்பிய விளையாட்டு அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குட்டி வீரர்கள், குட்டி டாங்கிகள். நிருஷனின் படையில் ஒரு லொறியும் இருந்தது. அதன் முதுகில் ரொக்கெற்றுகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

"ஒருக்காச் சுட்டால், அடுத்த முறை லொறி சும்மா நிண்டு ரொக்கெற் ஏத்த வேணும். எத்தினை தரமடா சொல்லுறது?"

"நான் கெதியா ஏத்திப்போட்டன்."

"ஏத்தேலாது! அதுக்குள்ளை ஏன் ஊளை?"

"உண்மையான லொறியும் ஊளையிட்டதாம். அந்தச் சத்தத்துக்கே எதிரியள் நடுங்கினவையாம். விளையாட்டுப் புத்தகத்திலை கிடக்கு," என்றது அந்த ஒன்பது வயது மேதாவி. பிறகு வாயைக் குவித்து இன்னும் பலமாக, "ஊஊஊஊ!" என்றது.

குசினியில் ஏதோ 'டமார்' என்று விழுந்தது.

அம்மா ஓடி வந்தார். கையெல்லாம் புட்டு மா. லொறியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"இனி உந்த விளையாட்டு இந்த வீட்டிலை வேண்டாம்."

"ஐயோ அம்மா! நான் வெல்லப்போறன்!" என்று கத்தினாள் ஆரபி. அவள் இதுவரை ஒரு தரமும் வென்றதில்லை. எல்லாம் இந்த விசரனால் வந்த வினை!

கோபத்தோடு குசினிக்குள் போனாள். புட்டுக்குழல் தரையில் கிடந்தது. அம்மா சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார். ஆரபியின் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. குழலை எடுத்துக் கழுவிக் கொடுத்தாள்.

"என்னம்மா?"

"நான் உன்ரை வயதிலை இருக்கேக்கை, சண்டைக் காலம், உப்பிடித்தான் சத்தம் வரும். ஓடிப்போய் வளவிலை வெட்டின பங்கர்க் குழிக்குள்ளை குதிப்பம். ரொக்கெற் ஆரின்ரை வீட்டிலை விழும் எண்டு சுடுறவனுக்கே தெரியாது பிள்ளை."

ஆரபி யோசித்தாள். விளையாட்டிலும் அப்படித்தான். ரொக்கெற் எந்தப் பக்கம் விலகி விழும் என்பதைத் தாயக்கட்டைதான் சொல்லும்.

"ஊளை இல்லாமல் விளையாடினால் லொறியைத் தருவியளோ?"

"அவன் வாயை மூடுவானே?"

"அதை நான் பாக்கிறன்."

நெருப்புப்பெட்டி, சவர்க்காரப் பெட்டி, மருந்துப் பெட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளி வந்து மேசையெங்கும் வைத்தாள்.

"இதெல்லாம் வீடுகள். உள்ளை ஆக்கள் இருக்கினம். ஒரு வீட்டிலை ரொக்கெற் விழுந்தாலும் உனக்குத் தோல்வி. சின்னப்பிள்ளையளும் இருக்கினம், ஊளையிட்டால் பயப்பிடுவினம். அதுக்கும் தோல்வி. எனக்கும் இதே விதிதான்."

"இது அநியாயம்!" என்று குதித்தான் நிருஷன். ஆனாலும் லொறி வேண்டுமே! முகத்தை நீட்டிக்கொண்டு சம்மதித்தான். அம்மா லொறியை எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று பார்த்தார்.

நிருஷன் இடப்பக்கம் குறிவைத்தான். கொஞ்சம் விலகினாலும் சவர்க்காரப் பெட்டியில் விழும். வலப்பக்கம் திருப்பினான். மருந்துப் பெட்டி. லொறியைப் பின்னால் இழுத்தான், முன்னால் தள்ளினான், கதிரையில் ஏறி நின்றும் பார்த்தான். ஆரபியின் டாங்கிகள் மெல்ல மெல்லக் கிட்டே வந்துகொண்டிருந்தன.

"அம்மா!" என்று அலுத்துப்போய்க் கத்தினான். "இந்த லொறியாலை எங்கையுமே சுட ஏலாதே!"

"ஓம் ராசா, ஏலாதுதான்," என்று சிரித்த அம்மா, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஆரபியின் பக்கம் அமர்ந்தார்.