பி.சி. மறுத்த பெயர்

"ஐயோ...!"

காலையில் கம்ப்யூட்டர் சென்டரைக் கூட்ட வந்த ஆயாவின் அலறல் கேட்டு ஓடினாள் புரோகிராமர் ஜலஜா.

ஹைதராபாத். 1988. மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் மெஷின் அறை.

மேனேஜர் நாராயணஸ்வாமி குப்புறக் கிடந்தார். கழுத்தில் பிரிண்டர் ஒயர் இறுகியிருந்தது!

போலீஸ் வந்தது. பிணத்தை இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் செத்தவரின் நாற்காலியில் சாய்ந்தபடி சமோசா மென்றுகொண்டிருந்தார் டெபுடி மேனேஜர் சுந்தரேசன்.

ஜலஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். த்தூ! மனுஷனா இவன்?

"கொலைகாரன் இதோ நிக்கிறான், இன்ஸ்பெக்டர்!" எண்ணெய் விரலை நீட்டினார் சுந்தரேசன்.

விரல் காட்டியது ஆபரேட்டர் சூசைராஜை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன். கையில் ஏற்கெனவே விலங்கு.

"நக்கோ சார், நான் இல்ல! நேத்து அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன். மாதா சத்தியம்!"

"பச்சைப் பொய்! இந்த பி.சி.ல யார் வேலை செஞ்சாலும் ஒரு லாக் ஃபைல், அதாவது வருகைப் பதிவு மாதிரி, விழும். ஃபைல் பேர்லயே ஆளும் நேரமும் இருக்கும். ஜலஜா எழுதின புரோகிராம். இப்பதான் இதுலேர்ந்து பிரிண்ட் எடுத்தேன். பாருங்க... சூசை, 19:40!"

கொலை நடந்ததாக போலீஸ் டாக்டர் சொன்ன அதே நேரம்!

இன்ஸ்பெக்டர் புருஷோத்தமன் தாளை ஜலஜாவிடம் நீட்டினார். "உங்க புரோகிராம் போட்ட பேர்தானாம்மா?"

பார்த்தாள். முகம் சுளித்தது.

"இல்ல சார்! பக்கத்து ரூம் பெரிய மெஷின் யூனிக்ஸ். அதுல ஃபைல் பேருக்கு நடுவுல, இந்த 19:40ல இருக்கற மாதிரி, ரெண்டு புள்ளி வெக்கலாம். இந்த பி.சி.ல ஓடறது டாஸ். அது ரெண்டு புள்ளியை ஏத்துக்கவே ஏத்துக்காது. அதனால இதுக்கு மட்டும் நேரம் 1940ன்னு புள்ளி இல்லாம சேர்ந்து விழற மாதிரி எழுதினேன்."

"சும்மா உளறாதே!" சீறினார் சுந்தரேசன்.

"அப்ப அந்தப் பேர்ல ஒரு ஃபைல் போட்டுக் காட்டுங்களேன், சார்!"

யூனிக்ஸ்தான் சுந்தரேசனுக்கு மெஷின். பி.சி. என்றால், "க்ளார்க்குங்க தட்டறது!" என்று ஏளனம். ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். வேறு வழியில்லாமல் சுந்தரேசன் அந்தப் பெயரை பி.சி.யில் தட்டினார்.

பிழை!

மறுபடி தட்டினார்.

மறுபடி பிழை!

"அப்ப இந்தப் பேப்பர்...?" இன்ஸ்பெக்டர் ஜலஜாவிடம் திரும்பினார்.

"யூனிக்ஸ்ல உட்கார்ந்து இவரே டைப் பண்ணது சார்! ஒரு அப்பாவியைத் தூக்குல மாட்டிட்டு, சமோசா இறங்குது பாருங்க! பார்க்கவே அருவருப்பா இருக்கு!"

"அந்தாள் ஒழியாம எத்தனை வருஷம்டி நான் டெபுடியாவே கிடக்கறது?"

கத்தியபடி பாய்ந்தவரை இரண்டு கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள்.

சூசைராஜின் விலங்கைக் கழற்றி சுந்தரேசனுக்கு மாட்டினார் இன்ஸ்பெக்டர்.

"வாங்க சார். எங்க லாக்கப் ரொம்பப் பழைய மெஷின்... யார் பேரைப் போட்டாலும் ஏத்துக்கும்!"