பாட்டுக்குள் புகுந்த இரைச்சல்

"அண்ணாச்சி, என் பாட்டுக்குள்ள எவனோ புகுந்துட்டான்!" என்றபடியே மூச்சிரைக்கப் படியேறி வந்தார் விஜயபாண்டி.

1998, சித்திரை மாதம். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடை மாடியில் இருந்தது துப்பறிவாளர் சங்கையாவின் அறை. அங்கே சுழன்ற மின்விசிறி அனலைத்தான் வாரி இறைத்தது. சங்கையா அவசரப்படுகிற ஆள் இல்லை, நாற்காலியைக் காட்டினார். உதவியாளர் மாரிக்கனிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ரேடியோ ரிப்பேர் படித்தவள் அவள். வந்தவர் உட்காரும் முன்பே கரண்டு பார்க்கும் டெஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

விஜயபாண்டி தன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து முளைப்பாரிப் பாட்டு, கும்மிப் பாட்டெல்லாம் பதிவு செய்கிறவர். வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து கேசட் கம்பெனிக்காரர் வருகிறார். பதிவு சுத்தமாக இருந்தால் ஒப்பந்தம் கைக்கு வரும். இல்லாவிட்டால் வேறு ஊர்க்காரனுக்குப் போய்விடும்.

"மதுரையிலருந்து ஜோதிகானு ஒரு பிள்ளையக் கூட்டியாந்து பாட வச்சேன். கம்ப்யூட்டர்ல இடமில்ல, பழசையெல்லாம் அழிச்சு இடம் பண்ணேன். மொத நாளு பதிவு சுத்தமா இருந்துச்சு. மறுநா லேசா 'ம்ம்'முனு ஒரு சத்தம். நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போய், இப்ப வண்டுக் கூட்டமே உள்ள இருக்கு. மைக்குல உதடு பட்டா சுருக்குனு இழுக்குதாம். அந்தப் பிள்ளை வரவே பயப்படுது."

"யார் மேல சந்தேகப்படுறீக?" என்று கேட்டார் சங்கையா.

"நல்லமுத்து மேலதான். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ரேடியோ செட்டு கட்டுறவரு. நான் கம்ப்யூட்டர் வாங்குனதுலருந்து அவருக்கு வயித்தெரிச்சலு. என் வீட்டு வயரிங்கும் அவரு பண்ணதுதான்."

மூவரும் விஜயபாண்டியின் வீட்டுக்குப் போனார்கள். ஒட்டியிருந்த கட்டடத்தில் விசைத்தறிகள் கடகடத்துக்கொண்டிருந்தன. மாரிக்கனி வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"தறி மோட்டாருதான் அண்ணாச்சி! வேற என்ன வேணும்?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டாகள்ல? அன்னிக்குப் பதிஞ்சதக் கேளுங்க" என்று விஜயபாண்டி போட்டுக் காட்டினார். தறி ஓடாத அன்றும் அதே இரைச்சல். மாரிக்கனியின் முகம் சுருங்கியது.

சங்கையா சொன்னபடி அவள் டெஸ்டரைக் கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தில் வைத்தாள். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

"பெட்டியில கரண்டு நிக்குது அண்ணாச்சி. கசியிற கரண்ட மண்ணுக்குள்ள எறக்குற எர்த்து வயரை அறுத்துட்டாக!"

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். சுவரோரம் இருந்த எர்த்துக் குழியில் வயரும் அறுபடவில்லை, போல்ட்டின் மேல் பூசிய பெயின்ட்டும் உடையவில்லை. நிலமெல்லாம் புல் பூண்டு இல்லாமல் வெடித்துக் கிடக்க, குழியைச் சுற்றி மட்டும் அருகம்புல் வளர்ந்து காய்ந்திருந்தது. சங்கையா ஒரு கொத்தைப் பிடுங்கி விரல்களுக்கிடையே நசுக்கினார். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அருகில் தண்ணீர்க் குடங்களை மூடிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்பதால் குடங்கள் வரிசையாக நிறைந்திருந்தன.

"என் வீட்டுக்காரி சுகந்தி. முன்னாடி இவதான் பாடுவா" என்றார் விஜயபாண்டி.

"இந்தப் பக்கம் யாரும் வந்தாகளாம்மா?" என்று கேட்டார் சங்கையா.

"யாரும் வரல. நானும் ஒண்ணும் செய்யல."

சங்கையா தலையாட்டிவிட்டு, நல்லமுத்துவைக் கூட்டி வரச் சொன்னார்.

வந்த நல்லமுத்து பதிவு அறைக்குள் நுழையும்போதே கொதித்தார். "எனக்குப் பொறாமைதான், இல்லேங்கல. முப்பது வருசம் மைக்கு கட்டுனவன் நான். நேத்து வந்தவன் பேரு கேசட்டுல வருதுன்னா எரியத்தான் செய்யும். அதுக்காக நான் போட்ட வயர்ல நானே கை வைப்பேனா?"

"நீங்க வைக்கல" என்றார் சங்கையா. "வயர அறுத்திருந்தா இரைச்சல் ஒரே நாள்ல வந்திருக்கும். இது கொஞ்சங் கொஞ்சமா கூடியிருக்கு. சித்திரை வெயில்ல பின்கட்டு மண்ணுல புல்லு மொளைக்குமா? மொளைச்சிருக்குன்னா யாரோ தெனமும் தண்ணி ஊத்தியிருக்காக. காஞ்சு போச்சுன்னா ஊத்துறத நிறுத்திட்டாக. ஈர மண்ணுதான் கரண்ட உள்ள வாங்கும், குழி காயக் காய எர்த்து செத்துக்கிட்டே வந்திருக்கு."

"தெனம் ஒரு குடம் ஊத்தணும்னு அன்னிக்கே சொன்னேனே!" என்றார் நல்லமுத்து.

"எங்கிட்ட சொல்லலியே?" என்றார் விஜயபாண்டி.

"நீ எங்க காது குடுத்த? கம்ப்யூட்டர் பெட்டியப் பிரிச்சுக்கிட்டு இருந்த. வீட்டம்மாகிட்டதான் சொன்னேன்."

எல்லாரும் வாசற்படியில் நின்ற சுகந்தியைப் பார்த்தார்கள்.

"யாரு என்ன செஞ்சாகனுதான் உங்க வீட்டுக்காரரும் மாரிக்கனியும் தேடுனாக" என்றார் சங்கையா. "நீங்க சொன்னது சத்தியம்மா. நீங்க ஒண்ணும் செய்யல. செஞ்சுக்கிட்டிருந்தத விட்டுட்டீக."

சுகந்தி கணவனைப் பார்க்காமல் சங்கையாவிடமே பேசினாள்.

"குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல ரெண்டு வருசமா தெனம் ஒரு குடம் ஊத்துனேன் அண்ணாச்சி. அந்தப் பெட்டிக்குள்ள என் குரலு இருக்குனு ஊத்துனேன். நான் மழைய 'மளை'ங்கிறேனாம், கம்பெனிக்காரரு சொன்னாராம். எங்க ஊர்ல பெய்யிறது மளைதான். அதுக்காக என் பன்னெண்டு பாட்டையும் அழிச்சுட்டு அந்த எடத்துல அவளக் கொண்டாந்து வச்சாக, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவ பாடுறத கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். நல்லாத்தான் பாடுறா. அதுதான் எனக்குத் தாங்கல. அன்னிலருந்து ஊத்தல."

விஜயபாண்டி எழுந்து போய் ஒரு குடத்தைத் தூக்கினார். மண்ணில் கரண்டு நன்றாக இறங்க நல்லமுத்து உப்பைக் கரைத்துக் கொடுத்தார். இருவருமாக மூன்று குடம் ஊற்றினார்கள். அரை மணி நேரம் கழித்து மாரிக்கனி டெஸ்டரை வைத்தபோது விளக்கு எரியவில்லை. ஒலிபெருக்கியைத் திறந்தால் ஒரு முனகல் கூட இல்லை.

"சுகந்தி, மைக்குல ஒரு வரி பாடு, பாப்போம்" என்றார் விஜயபாண்டி மெதுவாக.

"சோதனைக்கா, கேசட்டுக்கா?"

அவர் மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நல்லமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேசட்டுக்குத்தான்" என்றார் விஜயபாண்டி. "கம்பெனிக்காரருகிட்ட நான் பேசிக்கிறேன். பெட்டியிலதான் இடம் இல்ல. ஜோதிகா பாட்டு முக்காவாசி இரைச்சலாத்தான் கெடக்கு, அழிச்சிருறேன்."

மவுஸை நோக்கி நீண்ட அவர் கையைச் சுகந்தி பிடித்து நிறுத்தினாள். அருகில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க வேணாம். அழிக்கிறது எந்தப் பொத்தானுனு மட்டும் காட்டுங்க."