பிளசி மிஸ்ஸும் ஒரு கொக்கியும்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே, தன் இங்கிலீஷ் வகுப்புக்கான புது பேனரைப் பார்த்ததும் பிளசிக்கு மழையே மறந்துபோனது.

'பிளசி மிஸ் டீச்சஸ் குட் இங்கிலீஷ்?'

கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒரு கேள்விக்குறி... இலக்கணத்தில் தன்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆளில்லை என்று கழுத்தை நிமிர்த்தி நடக்கிறவள். அந்த நடையைப் பற்றித் தெருவில் பேசாத வாயில்லை. அவளைப் போய் பேனரே சந்தேகப்படலாமா?

ஏணிமேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தான் விக்டர், பேனர் கடைக்காரன். இமையில் மழைத்துளி தொங்கக் குனிந்து பார்த்தான். அந்தக் கண்களில் ஒரு நொடி பிளசி பாடம் மறந்தாள்... ஒரு நொடிதான்.

"ஏங்க, நான் எழுதிக் குடுத்தது செய்தி வாக்கியம். நீங்க அத வினா வாக்கியமா மாத்தி வெச்சிருக்கீங்க."

"ஒரு கொக்கி தானுங்க மிஸ். அழகா இருக்குதேன்னு போட்டேன்."

"அந்தக் கொக்கியிலதாங்க என் மானம் தொங்குது."

"மாத்தித் தரேனுங்க. ஆனா தப்புன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன்."

மறுநாள் பேனர் மாறியது. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அவள் நன்றி சொல்லவில்லை. ஆனால் வகுப்புக்கு நேர்வழி இருக்க, பிளசி ஏன் அவன் கடைப்பக்கம் சுற்றிப் போனாள்? அந்த நேரம் பார்த்து அவன் ஏன் வாசலில் நின்றான்? மாதக்கணக்கில் பார்வை மட்டும்தான். முதலில் வாய் திறப்பது யார் என்பதில் இருவருக்கும் கௌரவம்.

அப்புறம்தான் அவன் கடையை ஓசூருக்கு மாற்றப்போகிற சேதி வந்தது. பிளசிக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டுகிற மழையில் அவன் கடைக்குள் போய் நின்றாள். சாமான்கள் மூட்டையாகக் கிடந்தன.

"ஓசூருக்குப் போறீங்களாமே?"

"போவ வேண்டாம்னு ஆராச்சும் சொன்னா யோசிக்கலாங்க."

"ஆரு சொல்லணும்?"

விக்டர் தொண்டையைச் செருமினான். இங்கிலீஷ் மிஸ்ஸிடம் இங்கிலீஷில்தான் சொல்வேன் என்று அவனுக்கு ஒரு வீம்பு.

"ஐ ஆம் லைக் யூ, மிஸ்."

பிளசியின் நாக்கு திருத்தத் துடித்தது. நடுவில் அந்த 'ஆம்' நுழைந்ததில், 'பிடிக்கும்' என்ற வினைச்சொல் 'போல' என்ற இடைச்சொல்லாகிவிட்டது. உன்னைப் பிடிக்கும் என்று சொல்ல வந்தவன், நான் உன்னைப் போல என்று சொல்லி நிற்கிறான்...

அவளைப் போலத்தான். அதே வீம்பு, அதே நிமிர்ந்த கழுத்து.

"தப்புங்களா மிஸ்?"

வாழ்க்கையில் முதல்முறையாக பிளசி ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டாள்.

"ரெண்டு அர்த்தத்துலயும் சரிதாங்க... எனக்கும் உங்களப் புடிச்சிருக்குது. போவாதீங்க."

சொல்லும்போதும் தலை குனியவில்லை.