மூன்று மணி டிக்

"அப்பா, உள்ளே போனவங்க எல்லாரும் வெளியே வந்துட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஏழு வயதில் மகள் கேட்ட கேள்வி.

நோட்டில் குறித்து வைக்கிறேனே என்று சொல்லி, அவள் வாயை அடைத்துவிட்டார் பள்ளத்தாக்கு நடைபாதையின் வாசல் காவலாளி.

இன்று காலை அதே கேள்வி காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர்!

பின்னால், கண்ணைத் துடைத்தபடி ஒரு கணவன். நேற்று மனைவியோடு பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க வந்தவன்.

அந்த நடைபாதைக்கு வாசல் ஒன்றுதான். ஆற்றின் இடது கரையோடு இறங்கி, அருவிக்குக் கீழே மரப்பாலத்தைக் கடந்து, வலது கரைக் காட்டில் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். போகும்போது பெயர் எழுத வேண்டும். திரும்பியதும் காவலாளி டிக் போட வேண்டும்.

சுற்றி முடித்ததும் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாளாம். போய்ச் சேரவே இல்லையாம். கணவன் விம்மினான்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார்.

இரண்டு பெயர். இரண்டு டிக்.

"வெளியே வந்துட்டாங்களே. இங்க தேடி என்ன பண்ண? பஸ் ஸ்டாண்டுல விசாரிப்போம்."

ஜீப் உறுமியது.

காவலாளி நோட்டை மூடினார். மூன்று மணிக்கே எல்லாப் பெயருக்கும் மொத்தமாக டிக் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்வது அவருடைய பதினோரு வருடப் பழக்கம்.

சொன்னால் வேலை போகும்.

சொல்லாவிட்டால்...

மனிதர்களை ஏமாற்றலாம். கண்ணயராத ஒருவர் மேலே இருக்கிறாரே.

ஓடிப்போய் ஜீப்பை மறித்தார்.

"ஐயா... அந்தம்மா வெளிய வந்ததை நான் பாக்கல."

"டிக் இருக்கேய்யா?"

"யாரும் திரும்பி வர்றதுக்கு முன்னாடியே, மூணு மணிக்கே மொத்தமா போட்டது, ஐயா."

கணவனின் விம்மல் சட்டென்று நின்றது.

தேடினார்கள். மரப்பாலத்துக்குக் கீழே, ஆற்றுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், மரவேர்களில் சிக்கிக் கிடந்தாள். கால் முறிந்து, தொண்டை வற்றி...

உயிரோடு!

"அவர்தான்... தள்ளிவிட்டார்."

கணவனின் கையில் விலங்கு விழுந்தது. ஊரில் இடமா இல்லை, ஏன் இங்கே கூட்டி வந்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவன் காவலாளியைப் பார்த்துச் சிரித்தான்.

"நாலு இடம் போய்ப் பாத்தேன் சார். எல்லா வாசல்லயும் தலையை எண்ணுறாங்க. மூணு மணிக்கே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புற மகராசன் இவர் ஒருத்தர்தான்."

விலங்கு மாட்டப்பட்டவன் நிமிர்ந்து ஜீப்பில் ஏறினான். தலைகுனிந்து நின்றவர் காவலாளி.

உண்மையைச் சொன்னாரே என்று வேலையை விட்டுவைத்தார்கள். அந்தப் பெண்ணோ, உங்களால்தான் பிழைத்தேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினாள். அந்த நன்றி, வசவைவிட அதிகமாகச் சுட்டது.

அன்றிலிருந்து, கடைசி ஆளும் வெளியேறியதும் வாசலைப் பூட்டிவிட்டு, அவர் மட்டும் தனியே ஒரு சுற்று நடக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, யாராவது இருக்கீங்களா என்று குரல் கொடுக்கிறார். ஆறு மட்டும் பதில் சொல்கிறது. யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

மனைவிக்குத்தான் ஒரு துப்பறியும் வேலை மிச்சமிருக்கிறது.

நாற்காலியில் உட்காருகிற உத்தியோகத்துக்கு, மாதம் ஒரு ஜோடி செருப்பா?