பானெட்டுக்கு அந்தப் பக்கம்

“கொஞ்சம் குடு நாயனா” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் நரசிம்மலு. சொன்ன மாத்திரத்தில், சும்மா ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் உறுமியது.

திருப்புளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். பீளமேட்டு வீட்டின் அந்தக் கார் ஷெட்டில் அவரைத் தவிர ஒரு ஆள் கிடையாது. வெளியே அந்தி மங்கலில் ஐப்பசி மழை. சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார். தூக்கி நிறுத்திய பானெட் முன்கண்ணாடியை முழுசாக மறைத்ததால் டிரைவர் சீட் அவருக்குத் தெரியவில்லை. ஆக்சிலேட்டர் கம்பி துருவில் சிக்கி இழுத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பழைய வண்டியாயிற்றே, எதையாவது செய்து வைக்கும்.

அந்த அம்பாசிடரை விடிந்ததும் சோமனூர்க்காரர் ஒருவர் வந்து ஓட்டிப் போகப்போகிறார். எல்லாம் மனைவி ராமாமணியின் பிடிவாதம். மகன் கிஷன் அவினாசி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போன நாளிலிருந்து, “அந்தக் காரு இங்க நிக்கற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காதுங்க” என்று ஒரே பேச்சு. அவருக்கோ, அதைக் கொடுப்பது பையனை இரண்டாம் தடவை சுடுகாட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. ஆனாலும் இருமிக்கொண்டு நிற்கிற வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாதே. அதற்காகத்தான் கார்புரேட்டரில் கை வைத்தார்.

அது இரண்டு பேர் வேலை. ஒருவர் முன்னால் நின்று திருகைத் திருக, இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். சின்ன வயசிலிருந்து கிஷன்தான் மிதிப்பான். பானெட் மறைப்பதால் முகம் பார்க்காமல் குரலிலேயே நடக்கும் வேலை அது. ‘குடு’ என்றால் மிதிப்பான். ‘சாலு’ என்றால் காலை எடுப்பான். போதும் என்பதற்கு அவர்கள் வீட்டுத் தெலுங்கு; மகனைச் செல்லமாகக் கூப்பிடுகிற ‘நாயனா’வும் அதே தெலுங்குதான். ‘போதும்’ என்று தமிழில் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுக்கமாட்டான், அப்படியொரு குறும்பு. ‘சாலு’ சொன்னதும் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, அப்பாவின் தோளில் தாடையை வைத்து எட்டிப் பார்ப்பான். படுபாவி, தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

“குடு” என்றார் மறுபடி, மெதுவாக.

கண்ணெதிரே ஆக்சிலேட்டர் கம்பி நிதானமாக நகர்ந்தது. துரு இப்படி நகர்த்தாது. கார்புரேட்டரின் வாய் காற்றை உறிஞ்சுகிற சீறல், கூரைத் தகரத்தில் மழை, சுவரில் ஆடுகிற பல்பு நிழல், பெட்ரோல் வாசனை, அந்த வாசனைக்கு அடியில் வாடிய ரோஜா மாலையின் புளிப்பு.

“போதும்” என்றார். கம்பி அசையவில்லை. “போதும்னு சொல்றனல்ல.” அசையவில்லை.

நரசிம்மலு பயந்தாரா? பயந்தார்தான். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. புத்திர சோகம் சும்மாவா? ‘சாலு’ சொன்னால் வேலை முடிந்துவிடும், பையன் போய்விடுவான். எட்டிப் பார்த்தால் சீட் காலியாக இருந்துவிடுமோ என்றும் பயம். அதனால் சரியாக வந்திருந்த திருகை வேண்டுமென்றே தப்பாகத் திருகினார். இஞ்சின் இருமியது. “இன்னுங் கொஞ்சம் குடு கண்ணு” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீட்டுக்குள்ளிருந்து ராமாமணியின் குரல் வந்தது. “ஏனுங்க, யாருகூடப் பேசறீங்க?”

“யாருமில்ல அம்மணி. வண்டிகூடத்தான்.”

“அன்னிக்கு அவங் கால்ல கட்டுன துணிய நெசமாவே அவுத்தீங்களா?” என்றாள்.

எத்தனையாவது தடவையோ. முகத்தை மூடித்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். வீட்டில் வைத்து, கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியது அவர்தான். நெருப்புக்கு முன்னால் அதை அவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிற உயிர் போக முடியாமல் நிற்குமாம். மின்மயானத்தில் அடுத்த பாடை காத்திருந்தது, அவசரப்படுத்தினார்கள். அவிழ்த்தாரா? ஞாபகமே இல்லை.

“அவுத்தேன்” என்றார், எப்போதும்போல.

இஞ்சின் அலறியது.

தரை அதிர்ந்தது. புகை கண்ணைக் கரித்தது. ‘குடு’ என்று அவர் சொல்லவேயில்லை. கம்பி கடைசிவரை இழுபட்டு நடுங்கியது.

“நிறுத்துங்க, ஊடே அதிருது” என்றாள் ராமாமணி.

சாவி சீட்டுப் பக்கம். அங்கே போகக் கால் வரவில்லை.

“சாலு” என்றார். குரல் உடைந்தது. “சாலு நாயனா.”

கம்பி இறங்கியது. இஞ்சின் அடங்கி, இருமலில்லாமல், பிசிறில்லாமல் ஓடியது. திருகைத் தப்பாக அல்லவா வைத்திருந்தார்?

சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

கதவு திறந்தது.

திறந்த கதவுக்கு அடியில் பாதங்கள். இரண்டும் சேர்ந்தே இறங்கின. கட்டைவிரல்களைச் சுற்றி வெள்ளைத் துணி.

நடக்கவில்லை. நடக்க முடியாது.

பொத்.

சுற்றிக்கொண்டு வந்தது.

பொத்.

அவர் நிமிரவில்லை. ஓடவும் இல்லை. முட்டி போட்டார். ஈரத் துணியில் விரல் வைத்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது. அவிழவில்லை.

“இருடா கண்ணு. இதோ. இரு.”

மேலிருந்து ஏதோ குனிந்தது. அவர் தோளில், துணி சுற்றிய தாடை மெல்ல வந்து அமர்ந்தது.